கான்டெஸா டர்போ டீசலில் சாதா மேனிஃபோல்ட்: கழற்றுவதிலிருந்து கணவாய் ஏற்றம் வரை

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவை 1984-இல் கொண்டுவந்து 2002-இல் நிறுத்தியது. டீசல் கான்டெஸாவுக்குப் போட்டது இசுசுவின் 1995 சி.சி. எஞ்சின். அது சாதாவாகவும் வந்தது, டர்போ வைத்தும் வந்தது. அம்பாசடர் டீசலிலும் 1995 சி.சி. இசுசு எஞ்சின் ஓடியதால், மதுரையில் பழைய வண்டி பிரிக்கிற கடைகளில் கேட்டால் சாதா எஞ்சினின் இன்லெட் மேனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் வார்ப்புக் குழாய்) கைக்கு வர வாய்ப்பு உண்டு. டர்போவுக்கான மேனிஃபோல்டைத் தேடுவதுதான் பாடு. உங்கள் வண்டியில் இருப்பது விரிசல் விட்டுவிட்டது, அல்லது ஸ்டட் துளை பிய்ந்துவிட்டது, அல்லது யாரோ முன்பு தாறுமாறாக வெல்டிங் வைத்துவிட்டார்கள் என்றால், சாதா எஞ்சினின் மேனிஃபோல்டை எடுத்துப் போடலாமா என்ற கேள்வி தானாக வரும்.

போடலாம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். சாதா எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அதன் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவு. டர்போ எஞ்சினுக்குக் காற்றை ஊதித் தள்ளுகிறார்கள். அந்தக் காலத்து டீசல் டர்போக்களில் அது சுமார் 0.5 முதல் 0.7 பார், அதாவது 7 முதல் 10 பி.எஸ்.ஐ. வெளிக்காற்றைவிட அதிகம். சாதா மேனிஃபோல்டில் இருக்கிற ஒவ்வொரு மூடியும், ஹோஸும், கேஸ்கெட்டும் உள்ளே இழுபடுவதற்காக வடிவமைத்தவை. இனி அவை வெளியே தள்ளப்படும். மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டில் உட்காருகிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பூட்டிவிட்டால், ஐட்லிங்கில் வண்டி பிரமாதமாக ஓடும், ஒரு குறையும் தெரியாது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுதான் கறுப்புப் புகையைத் தள்ளிக்கொண்டு இழுக்காமல் நிற்கும். அதனால் மேனிஃபோல்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, மேசை மேல் வைத்துக் காற்று அடித்துப் பார்த்துவிடுங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் எடுக்க வேண்டிய கணக்கு

பழைய மேனிஃபோல்ட் ஓரளவுக்காவது வேலை செய்கிறது என்றால், கழற்றுவதற்கு முன் ஒரு பூஸ்ட் கேஜை (டர்போ ஊதும் அழுத்தத்தைக் காட்டும் மானி) மாட்டி ஓட்டிப் பாருங்கள். டர்போ எஞ்சினுக்கு டீசலை அளந்துவிடும் பம்பின் தலையில் ஒரு வட்டமான டப்பா இருக்கும். மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்குப் போகும். அந்தக் குழாயில் ஒரு டி இணைப்பு வைத்துக் கேஜுக்கு ஒரு கிளை எடுத்தால் போதும். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், ஒரே வேகத்தில் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம் இதற்கு நல்ல இடம். நீளமான சாய்வு, டர்போ முழுதாக வேலை செய்ய நேரம் கிடைக்கும். வேலை முடிந்த பிறகு அதே ஏற்றத்தில் அதே எண் வருகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் தேர்வு. முன்கணக்கு இல்லாவிட்டால், பின்னால் "முன்னைவிடப் பரவாயில்லை போலிருக்கு" என்ற நினைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

மேனிஃபோல்ட் வாங்கும்போது

கடைக்குப் போகும்போது புது கேஸ்கெட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், உங்கள் டர்போ எஞ்சினுக்கான கேஸ்கெட். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, அப்படியே உக்காரும்" என்று சொல்வார்கள். கேஸ்கெட்டை மேனிஃபோல்டின் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். ஸ்டட் துளைகள் எல்லாம் பொருந்த வேண்டும். காற்றுத் துளைகளின் வடிவம் பொருந்த வேண்டும். மேனிஃபோல்டின் துளை ஹெட்டின் துளையைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. பெரியதாக இருந்தால், வருகிற காற்று ஹெட்டின் விளிம்பில் முட்டும். அந்தப் படியை அரைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர் ஹெட்டை அரைக்கக் கூடாது. வேறு மேனிஃபோல்டைத் தேடுவதே நல்லது.

அடுத்து முகத்தின் சமதளம். நல்ல ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 0.10 மி.மீ. தகடு எங்காவது தாராளமாக நுழைந்தால் மில்லிங்கில் கொடுத்து முகத்தைச் சீவ வேண்டும். கே.புதூர் சிட்கோ, கப்பலூர் சிட்கோ பக்கம் இருக்கிற லேத், மில்லிங் பட்டறைகளுக்கு இது சின்ன வேலை. எவ்வளவு குறைவாகச் சீவ முடியுமோ அவ்வளவு மட்டும் சீவச் சொல்லுங்கள். வெல்டிங் ஏதாவது வைக்க வேண்டியிருந்தால் அதை முடித்த பிறகே சீவ வேண்டும். வெல்டிங் சூட்டில் அலுமினியம் வளையும்.

சில பழைய சாதா டீசல் எஞ்சின்களில் மேனிஃபோல்டின் வாயில் ஒரு பட்டர்ஃபிளை இருக்கும். காற்று இழுப்பைக் கொண்டு பம்பின் கவர்னரை, அதாவது டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகத்தை, இயக்குவதற்காக அது. உங்கள் டர்போ எஞ்சினின் பம்பில் இயந்திர கவர்னர் என்றால் அந்தப் பட்டர்ஃபிளைக்கு வேலை இல்லை. தகட்டையும் தண்டையும் எடுத்துவிட்டு, தண்டு போன துளைகளை வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். அப்படியே விட்டுவைத்தால் தண்டின் ஓரமாகக் காற்று பீறும். அதைவிட, அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் சின்ன திருகுகள் என்றைக்காவது கழன்றால் நேரே வால்வுக்குள் போகும்.

சுத்தம் செய்வது

பழைய மேனிஃபோல்டின் குழல்களில் எண்ணெயும் கரியும் தார் போல ஒட்டியிருக்கும். டீசலில் ஓர் இரவு ஊறவைத்து, நீளமான பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்று அடித்து உலர்த்துங்கள். இதற்குப் பொறுமை மட்டும் போதும். இரண்டு குறுக்குவழிகளைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். பட்டறைகளில் இரும்பு பிளாக்கைக் கழுவ காஸ்டிக் சோடா தொட்டி வைத்திருப்பார்கள். அலுமினிய மேனிஃபோல்டை அதில் போட்டால் காஸ்டிக் அலுமினியத்தையே தின்னும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். முகம் அரித்துப்போன மேனிஃபோல்ட் பிறகு எதற்கும் ஆகாது. மற்றொன்று மணல் பிளாஸ்டிங். வெளியே பார்க்கப் புதிது போல மின்னும். உள்ளே குழலின் வளைவில் ஒட்டிக்கொண்ட மணல், எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக இறங்கி சிலிண்டரின் சுவரைக் கீறும். இந்த எஞ்சின் 4000 ஆர்.பி.எம்.மில் டர்போ ஊதாமலேயே நிமிடத்துக்கு 4000 லிட்டர் அளவுக்குக் காற்றை விழுங்கும். உள்ளே ஒட்டியிருப்பது எதுவானாலும் அந்தக் காற்றோடு போய்ச் சேரும்.

துளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது

வேலையின் உயிர் இங்கே இருக்கிறது, அவசரப்படாதீர்கள். மேனிஃபோல்டைக் கையில் எடுத்து, அதில் இருக்கிற ஒவ்வொரு துளைக்கும், நிப்பிளுக்கும் சாக்பீஸால் குறி போடுங்கள். ஒவ்வொன்றும் எங்கே போகிறது, இனி அது தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

தேவையில்லாத துளைகளை ரப்பர் மூடி போட்டு அடைக்காதீர்கள். உறிஞ்சும் எஞ்சினில் அது தாங்கும். ஊதும் எஞ்சினில் முதல் ஏற்றத்திலேயே பறந்துவிடும். துளையில் மரை போட்டு, திருகு பிளக்கைத் திரெட் லாக்கர் தடவி இறுக்குங்கள், அல்லது வெல்டிங் வைத்து அடையுங்கள்.

கிராங்க்கேஸ் வாயுவைக் கொண்டுவரும் ஹோஸ் பல சாதா எஞ்சின்களில் மேனிஃபோல்டிலேயே வந்து சேரும். அதை அப்படியே மாட்டினால் டர்போவின் அழுத்தம் அந்த ஹோஸ் வழியாகவே எஞ்சினின் அடிவயிற்றுக்குள் போகும். ஆயில் சீல்கள் ஒழுகும், ஆயில் அளவுகோல் எகிறிக்கொண்டு வெளியே வரும், டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயில் ஓட்டம் தடைப்படும். அந்த ஹோஸ், டர்போவுக்கு முன்னால், ஏர் ஃபில்டருக்கும் டர்போ வாய்க்கும் நடுவில்தான் சேர வேண்டும். பழைய டர்போ மேனிஃபோல்ட் இருந்தபோது எங்கே போனதோ அங்கேயே விடுங்கள். மேனிஃபோல்டில் இருக்கும் நிப்பிளை அடைத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கமாக, சாதா மேனிஃபோல்டில் இல்லாத ஒரு துளை உங்களுக்குத் தேவைப்படும். பம்பின் தலைக்குப் போகிற பூஸ்ட் குழாய்க்கான துளை அது. டர்போ ஊதுகிறது என்று பம்புக்குத் தெரிவதே அந்தக் குழாய் வழியாகத்தான். அது இல்லாவிட்டால் பம்ப் கூடுதல் டீசல் விடாது. வண்டி புகையே இல்லாமல் சுத்தமாக ஓடும், ஆனால் இழுக்காது. பூட்டி முடித்த பிறகு வரும் குழப்பங்களில் பாதியை இதை வைத்தே தீர்க்கலாம்: கறுப்புப் புகையோடு இழுக்கவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது, புகையே இல்லாமல் இழுக்கவில்லை என்றால் முதலில் அந்த மெல்லிய குழாயைப் பாருங்கள்.

துளை போடுவதற்கு மேனிஃபோல்டின் பொதுவான வயிற்றுப் பகுதியின் மேல்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கீழே போட்டால் எண்ணெய் தேங்கிக் குழாய் அடைபடும். 1/8 அங்குல பைப் மரை போதும். ஆனால் வார்ப்பின் சுவர் 4 மி.மீ. அளவுக்கு மெல்லியதாக இருந்தால் மரைக்குப் பிடிமானம் இருக்காது. அலுமினியத்தில் ஒரு சின்ன பாஸ் (மரைக்கு இடம் தரும் தடித்த குமிழ்) கடைந்து, ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டி, அதில் மரை போடச் சொல்லுங்கள். இந்த வேலை எல்லாம் மேனிஃபோல்ட் மேசையில் இருக்கும்போதுதான். வண்டியில் பூட்டிய பிறகு டிரில் மெஷினை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பிரேக் பூஸ்டருக்கான வேக்யூம் டீசலில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்பிலிருந்து வருவதால் அங்கே கை வைக்க வேண்டியதில்லை. பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கு அது மேனிஃபோல்டிலிருந்து வரும். நடுவில் ஒருவழி வால்வு நல்ல நிலையில் இருந்தே ஆக வேண்டும். பெட்ரோலில் இதற்கு மேல் கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டு சீல், டேங்கியிலிருந்து வரும் பெட்ரோலின் அழுத்தம், பற்றவைப்பு நேரம் என்று ஏகப்பட்டவை சேர்ந்துகொள்ளும். முதல் முறை செய்பவருக்கு அது ஏற்ற வேலை இல்லை. தெரிந்த கை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

காற்று நுழையும் வாய்

சாதா மேனிஃபோல்டின் வாயில் ஏர் கிளீனர் ஹோஸ் சும்மா செருகி நிற்கும். வாய் வழுவழுப்பான குழாயாக இருக்கும். 50 மி.மீ. குறுக்களவுள்ள குழாயில் 0.7 பார் அழுத்தம் என்றால், ஹோஸை வெளியே தள்ளும் விசை சுமார் 14 கிலோ. வழுவழுப்பான வாயில், சூட்டிலும் எண்ணெய் ஈரத்திலும், ஹோஸ் நழுவாமல் நிற்க வாய்ப்பில்லை. குழாயின் ஓரத்தைச் சுற்றி ஆர்கான் வெல்டிங்கில் ஒரு மேடு போட்டு, அரத்தால் உருட்டிவிடுங்கள். கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். வாயில் ஃபிளாஞ்ச் இருந்தால் இன்னும் நல்லது. மேடு வைத்த அடாப்டர் ஒன்றை லேத்தில் அலுமினியத்தில் கடைந்து, கேஸ்கெட் வைத்துத் திருகிவிடலாம்.

ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடுகிற பழக்கம் உண்டு. டர்போவிலிருந்து வரும் காற்றில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் புகை கலந்திருக்கும். தண்ணீருக்கான ரப்பர் அந்த எண்ணெயில் ஊறி உப்பிவிடும். டர்போவுக்கென்று வரும் பல அடுக்கு ஹோஸையும் அகலமான டி-போல்ட் கிளாம்பையும் வாங்குங்கள். இந்த வேலை முழுவதிலும் காசை இறுக்கிப் பிடிக்கக் கூடாத இடம் இதுதான் என்பது என் கருத்து.

குழாயின் எடை மேனிஃபோல்டின் மேல் தொங்கக் கூடாது. எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. பாடியில் பிடித்திருக்கிற குழாய்க்கும் எஞ்சினில் இருக்கிற மேனிஃபோல்டுக்கும் நடுவில் வளையக்கூடிய ஹோஸ் ஒரு துண்டாவது இருக்கட்டும். குழாய்க்குத் தனியாக ஒரு பிராக்கெட் வையுங்கள்.

மேசை மேல் அழுத்தச் சோதனை

8 மி.மீ. தடிப்புள்ள அலுமினியத் தகட்டில் கேஸ்கெட்டின் துளை அடையாளப்படி ஸ்டட் துளைகள் போட்டு, கேஸ்கெட்டுக்குப் பதில் ரப்பர் ஷீட்டை வைத்து மேனிஃபோல்டின் முகத்தை மூடுங்கள். வாயில் ஹோஸைப் போட்டு, மறுமுனையில் பி.வி.சி. எண்ட் கேப் ஒன்றைச் செருகிக் கிளாம்ப் போடுங்கள். அந்த கேப்பில் ஒரு டியூப் வால்வைப் பொருத்தினால் பஞ்சர் கடை கம்ப்ரெஸரிலேயே காற்று அடிக்கலாம். ரெகுலேட்டரில் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவிடாதீர்கள், கேப்பின் எதிரே முகத்தை வைக்காதீர்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் எல்லா இடத்திலும் தடவுங்கள். வெல்டிங் வைத்த இடம், பிளக் போட்ட இடம், வார்ப்பின் வளைவுகள் எல்லாம். பழைய வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவையும் குமிழியிடும். குமிழி வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்ப வெல்டிங்குக்குக் கொடுங்கள். குமிழி இல்லாத மேனிஃபோல்ட்தான் வண்டிக்குப் போகலாம்.

கழற்றிப் பூட்டுவது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கம் இருக்கும் எஞ்சின் என்றால் சில ஸ்டட்கள் இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டும் ஆடிவிடும், அதற்கும் புதிது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் வழி எஞ்சின்களில் 8 மி.மீ. ஸ்டட்டின் நட்டுக்கு 12 ஸ்பானர் வேண்டும், 13 போட்டால் முனை மழுங்கும். துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். ஸ்டட்டே கழன்று வர வேண்டும் என்றால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டைத் திருப்பினால் வரும்.

மேனிஃபோல்ட் வந்ததும் ஹெட்டின் துளைகளை அகலமான டேப்பால் மூடுங்கள். பனியன் வேஸ்ட்டைத் திணித்தால் நூல் பிரிந்து உள்ளே போகும், ஒரு துண்டு உள்ளேயே மறந்தும் போகும். ஹெட்டின் முகத்தில் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது கத்தியைப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள்.

புது கேஸ்கெட்டை உலர்ந்தபடியே போடுங்கள். முகம் சமமாக இருந்தால் அனபாண்ட் பசை தேவையே இல்லை. தடிப்பாகத் தடவினால் உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உடைந்து வால்வுக்குப் போகும். நட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்றில் இறுக்குங்கள். எஞ்சின் மேனுவலில் உள்ள எண்தான் முதன்மை. அது கையில் இல்லாதபோது சாதாரண 8 மி.மீ. நட்டுக்கு 2 முதல் 2.5 கிலோகிராம்-மீட்டர் டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) போதும். அலுமினியத்தில் "இன்னும் கொஞ்சம்" என்று இழுத்தால் மரை பிய்ந்துவிடும்.

டீசல் குழாய்களும் நாசிலின் ரிட்டர்ன் குழாயும் டர்போவின் சூடான பக்கத்தைத் தொடாமல் இருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். புது மேனிஃபோல்ட் அவற்றைப் பழைய இடத்திலிருந்து நகர்த்தியிருக்கலாம். அந்த இடத்தில் ஒழுகினால் வண்டி தீப்பிடிக்கும்.

முதல் ஸ்டார்ட்

டர்போ டீசலில் எண்ணெய் எப்படியாவது காற்றுவழியில் புகுந்துவிட்டால், எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காரணம், சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். அதனால் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி வைத்து, டர்போவின் வாயை முழுக்க மூடுகிற அளவுக்குக் கனமான பலகை ஒன்றை ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். வேகம் ஏறினால் பலகையால் வாயை மூட வேண்டும். கையையோ துணியையோ ஒருபோதும் வைக்கக் கூடாது. ஒருவர் சாவியில், ஒருவர் பலகையில், மூன்றாவது ஆள் தள்ளி நிற்கட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக ஓடினால் நிறுத்தி, ஃபில்டரை மாட்டிவிடலாம்.

எஞ்சின் நன்றாகச் சூடாகித் திரும்ப ஆறிய பிறகு நட்டுகளை அதே டார்க்கில் இன்னொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புது கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

ஏற்றத்தில் பார்ப்பது

முதலில் ரிங் ரோட்டில் நிதானமாக ஒரு சுற்று. ஹோஸ் எங்கும் உப்பவில்லை, கிளாம்ப் நகரவில்லை, சீறும் சத்தம் இல்லை என்றால் ஆண்டிபட்டிக் கணவாய்க்குப் போங்கள். முன்பு எழுதி வைத்த அதே கியர், அதே வேகம். சித்திரை வெயிலில் எடுத்த கணக்கை மார்கழிக் காலையில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள், காற்றின் சூடு மாறினால் இழுவையும் மாறும்.

கேஜ் பழைய எண்ணைத் தொட்டால் வேலை முடிந்தது. குறைவாகக் காட்டி, கண்ணாடியில் பின்னால் கறுப்புப் புகை தெரிந்தால், மேசை மேல் செய்த சோதனையை இப்போது வண்டியிலேயே செய்ய வேண்டும். டர்போவின் வாயில் அதே பி.வி.சி. கேப், அதே சோப்பு நுரை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து, இந்த முறை 5 பி.எஸ்.ஐ. போதும். எஞ்சினுக்குள் கொஞ்சம் காற்று போகும் சத்தம் கேட்கும், அது இயல்பு. குமிழி வரும் இடத்தை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் ஹோஸ் கிளாம்பிலோ, மேனிஃபோல்டின் கடைசி ஸ்டட் ஓரத்திலோ வரும்.

இழுவை போதவில்லை என்று பம்பின் டீசல் திருகைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், காற்றுக் கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்று போதாத இடத்தில் டீசலைக் கூட்டினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறி, டர்போவும் பிஸ்டனும் சேர்ந்து போகும். எஃப்.சி.க்கும் புகைச் சான்றுக்கும் போகும்போதும் அந்தக் கறுப்புப் புகைதான் முதலில் பிடிபடும்.

ஏற்றம் ஏறி வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, மேனிஃபோல்டின் அடிப்பக்கம் புது எண்ணெய்க் கறை எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் டி இணைப்பில் மாட்டிய கேஜைக் கழற்றிவிட்டு, பம்பின் குழாயைப் பழையபடி நேரே மாட்டிக் கிளிப் போடலாம்.